யாருக்குச் சொன்ன அனுமதி

விமானத்தில் பறந்து பயிர்களுக்கு மருந்து தெளிப்பது அவள் தொழில். ஊருக்கே அவள் 'மருந்தக்கா'. பதினெட்டு வருடமாக வயல்களுக்கு மேலே மர உயரத்தில் பறந்தவளுக்கு, வானத்தில் யாரிடமும் வாய் திறந்து பழக்கமில்லை. பக்கத்திலிருந்த விமானப் பட்டறையை மூடிவிட்டதால், அந்த வருடப் பரிசோதனைக்குத் தன் பழைய இரண்டு இருக்கை விமானத்தை நகரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டி வந்தது. நடுவில் பெரிய விமான நிலையம். நிமிடத்துக்கு ஒன்று இறங்கும் இடம். கட்டுப்பாட்டு அறை வாய் திறந்து அனுமதி சொன்னால்தான் அதன் எல்லைக்குள் நுழையலாம். துணைக்கு, தபால்காரரான கணவர் மடியில் வரைபடத்தோடு ஏறிக்கொண்டார்.

எல்லை நெருங்கியதும் ரேடியோவில் தன் விமானத்தின் எண்ணைச் சொல்லி அனுமதி கேட்டாள்.

"ஒன்பது மூணு, கேட்டுச்சு. கொஞ்சம் இருங்க," என்றது ஒரு ஆண்குரல்.

"அதான் பதில் சொல்லிட்டாரே, போ," என்றார் கணவர்.

"பதில் சொன்னாரு. வான்னு சொல்லலையே."

"வராதேன்னும் சொல்லலையே!"

கீழே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்ற ஆரம்பித்தாள். ரேடியோவிலோ ஒரே சந்தை இரைச்சல். ஒருவரை இறங்கு என்கிறது, இன்னொருவரைத் திரும்பு என்கிறது. மூன்றாவது சுற்றில் கணவருக்குத் தலை கிறுகிறுத்தது. நான்காவதில் அந்தக் குரல் மூச்சுவிடாமல் சொன்னது: "மூணு ஒன்பது, உள்ளே வர அனுமதி. ரெண்டாயிரம் அடியிலேயே இருங்க."

"நம்மளத்தான்!"

"நாம ஒன்பது மூணுங்க."

"அவசரத்துல மாத்திச் சொல்லியிருப்பாரு. நானே எத்தனை கதவு நம்பரை மாத்திப் படிச்சிருக்கேன்!"

அப்படியும் இருக்குமோ? விமானத்தை எல்லைப் பக்கம் திருப்பினாள். மனசு ஒப்பவில்லை. மறுபடி தொட்டிப் பக்கமே திருப்பிவிட்டு, ரேடியோ பொத்தானை அழுத்தினாள்.

"சார், ஒன்பது மூணு பேசறேன். இப்ப சொன்னது எனக்கா?"

"ஒன்பது மூணு... இல்லம்மா. அங்கேயே இருங்க."

சற்றுத் தள்ளி ஒரு வெள்ளை விமானம், சரியாக இரண்டாயிரம் அடியில், எல்லைக்குள் நுழைந்தது. கணவர் வரைபடத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்து, "ஒன்பது மூணு, உள்ளே வர அனுமதி," என்றது குரல். அதை ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னவள், "ஒன்பது மூணுதானே சார்?" என்றும் கேட்டுவைத்தாள்.

"நீங்களேதாம்மா! இறங்கினதும் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு போன் பண்ணுங்க."

எதற்கு போன்? நகரத்தைக் கடந்து இறங்கும்வரை அவளுக்குப் பிடிபடவில்லை. பட்டறை வாசலில் நின்று அழைத்தாள்.

"நல்லவேளை கேட்டீங்க," என்றார் அவர். "ரெண்டு நம்பரும் ஒரே மாதிரி. அவருக்குச் சொன்னேனா, உங்களுக்குச் சொன்னேனான்னு எனக்கே ஒரு நிமிஷம் புரியல. ஆனா ஒரு அனுமதிக்கு இத்தனை தடவையா கேப்பாங்க?"

போனை வைத்தாள்.

"என்னவாம், திட்டினாரா?" என்றார் கணவர்.

"தெரியலைங்க. பாராட்டின மாதிரியும் இருந்துச்சு, திட்டின மாதிரியும் இருந்துச்சு."

விமானத்தை விட்டுவிட்டு இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். எது என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.