மாமா நிறுத்தி வைத்த விமானம்

என் மேசை இழுப்பறையில் ஒரு விசில் கிடக்கிறது. கறுப்பு நாடா கோத்தது, வாய் வைக்கும் இடத்தில் முலாம் தேய்ந்துபோனது. மாமா வளைகுடாவுக்குப் புறப்பட்ட அன்று, "பத்திரமா வச்சிரு தாயி, வந்து வாங்கிக்கிடுதேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அவர் வந்துவிட்டார். விசிலைத்தான் இன்னும் கொடுக்க முடியவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தார். அவர் விசில் ஊதினால்தான் வண்டி நகரும். ஆனால் அவரைப்போல நேரத்தை மதிக்காத டைம் கீப்பரை நான் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து ஓடிவரும் பெண்கள், மருந்துச் சீட்டோடு மூச்சு வாங்க வரும் கிழவர் என்று யார் தூரத்தில் கை காட்டினாலும் விசில் சட்டைப் பைக்குள் போய்விடும். டிரைவர் ஹாரனை அழுத்தித் தீர்ப்பார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். "செத்த நேரம் பொறுங்கப்பா. நாளைக்கு ஒங்க வீட்டுப் பிள்ள ஓடியாந்தாலும் நிறுத்தத்தான செய்வேன்" என்பார். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரியில் படித்த காலத்தில் பாதி பின்னிய தலையோடு அப்படி ஏறியவர்களில் நானும் ஒருத்தி. ஊரில் பாதிப் பேர் அவர் தயவில் பஸ் ஏறியவர்கள் என்பது எங்கள் வீட்டுப் பெருமை.

பிறகு வளைகுடாவில் ஒரு பஸ் டிப்போவில் வேலை கிடைத்துப் போனார். நான் ஊரிலேயே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். சென்னையில் பெரிய மருந்துக் கம்பெனி ஒன்றிலிருந்து திடீரென்று நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. மறுநாள் மதியமே வர வேண்டும் என்றார்கள். ரயிலில் இடமில்லை. விஷயம் தெரிந்ததும் மாமா அங்கிருந்தே மதுரை விமானத்துக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் முதல் விமானப் பயணம் எனக்குத்தான்.

காரில் மதுரைக்குப் போகும் வழியில் கல்லுப்பட்டிக்கு அருகில் லாரி ஒன்று கவிழ்ந்து சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமாவுக்குப் போன் செய்து, "போச்சு மாமா, இன்னும் திருமங்கலமே வரல" என்றேன். "பதறாத. நீ பாட்டுக்கு வா. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்தப் பதிலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆறுதல் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

விமான நிலைய வாசலில் ஒரே போலீஸ். மோப்ப நாய்கள். ஏறி உட்கார்ந்த பயணிகளையெல்லாம் இறக்கி, குழந்தை குட்டிகளோடு ஒரு பக்கமாக நிற்க வைத்திருந்தார்கள். வெடிகுண்டு மிரட்டலாம், விமானம் கிளம்பவில்லையாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நமக்காகவே ஆண்டாள் நிறுத்தி வைத்திருக்கிறாள் என்று கும்பிட்டுக்கொண்டேன். ஆனால் கவுண்டரில் இருந்த பெண் தலையாட்டிவிட்டாள். பதிவு நேரம் முடிந்துவிட்டால், விமானம் நாள் முழுக்க நின்றாலும் ஏற்ற மாட்டார்களாம். கொஞ்ச நேரத்தில் அந்த விமானத்தையே ரத்து செய்துவிட்டார்கள். என் நேர்முகத் தேர்வும் அதோடு போயிற்று.

அந்தக் கூட்டத்தில் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். சென்னையில் அவருடைய அண்ணன் இறந்துபோயிருந்தார். மாலையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த விமானத்தில் இடமில்லை என்று தெரிந்ததும் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ போனில் அண்ணன் முகத்தைக் காட்டினார்கள். மாலைப் பையை மடியிலிருந்து இறக்காமலேயே பார்த்துக்கொண்டிருந்தார். எவனோ பாவி இப்படிச் செய்துவிட்டானே என்று அவரோடு சேர்ந்து நானும் திட்டினேன்.

அன்றிலிருந்து மாமாவின் போன் அணைந்தே கிடந்தது. சில நாள் கழித்துப் போலீஸ் என்னைத் தேடி வந்தது. டிக்கெட் இருந்தும் அன்று நேரத்துக்கு வந்து ஏறாத பயணி நான். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், "இது யார் குரல்னு தெரியுதாம்மா?" என்று விமான நிலையத்துக்கு வந்த போன் பதிவு ஒன்றைப் போட்டார். முதல் அழைப்பில், "எங்க பிள்ள வந்துக்கிட்டு இருக்கா சார், செத்த நேரம் வண்டிய நிறுத்துங்க" என்றது குரல். மறுமுனையில் இருந்தவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அடுத்த அழைப்பில் அதே குரல், "அப்பம் உள்ள குண்டு இருக்கு. நல்லா பாத்துட்டு எடுங்க" என்றது.

நான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த குரல். தெரியாது என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. "எங்க மாமா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அம்மாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினோம். பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில் இருந்தார் எங்களுக்குத் தெரிந்த வக்கீல். "அவன் அங்கனயே இருந்துக்கிட்டா என்ன சார்? கடல் தாண்டி வந்தா பிடிப்பாக?" என்று அம்மா கேட்டாள்.

"விமானத்துல கை வச்சா எந்த நாட்டுலயும் ஒளிய முடியாதும்மா. நாடுக எல்லாம் சேந்து ஒப்பந்தம் போட்டிருக்கு. ஒண்ணு, அவங்களே விசாரிச்சுத் தண்டிக்கணும். இல்ல, நம்மகிட்ட பிடிச்சுக் குடுக்கணும்."

"சக்கரங்கூட நகரலையே சார்" என்றேன் நான். "நின்ன வண்டியத்தான நிறுத்துனாரு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒங்க மாமா போன் போட்டப்ப ஆளுக ஏறி முடிச்சு வெளிக்கதவ அடைச்சாச்சு. கதவ அடைச்சிட்டாலே சட்டத்துக்கு அது பறக்குற விமானம். பறக்குற விமானத்துக்கு ஆபத்து வர்ற மாதிரி பொய்த் தகவல் சொன்னதா நிரூபிச்சுட்டா, ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்."

"ஆயுளா?" என்றாள் அம்மா. ஒரு போனுக்கு ஆயுளா என்று மாடிப்படி இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஊரே மெச்சிய அதே காரியத்தைத்தான் அவர் செய்திருந்தார். அந்த அதிர்ச்சி இன்றுவரை எனக்குத் தெளியவில்லை.

அந்த நாட்டுப் போலீஸ் டிப்போவிலேயே அவரைப் பிடித்தது. மாதக்கணக்கில் அங்கே சிறையில் இருந்தார். தாங்களே விசாரிப்பதா, ஒப்படைப்பதா என்று யோசித்த அவர்கள் கடைசியில் நம்மிடம் ஒப்படைத்தார்கள். விமானத்தில்தான் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் போலீஸ்.

போன வாரம் மதுரைக் கோர்ட் வராந்தாவில் அவரைப் பார்த்தேன். நரைத்து, இளைத்து, சட்டை தொளதொளவென்று இருந்தது. காவலர் சற்று விலகி நின்றார். வழக்கைப் பற்றிக் கேட்பார், அம்மாவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். என் முகத்தை ஆவலாகப் பார்த்து, "அன்னிக்கு ஏறிட்டியா தாயி?" என்றார்.

இத்தனை மாதமாக அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏறிவிட்டேன் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் கண் முன்னால் வந்தார்.

"இல்ல மாமா. பதிவு நேரம் முடிஞ்சா நிறுத்தி வச்சாலும் ஏத்த மாட்டாகளாம். பொறவு யாருமே ஏறல. கூமாப்பட்டிக்காரர் ஒருத்தர், அண்ணன் சாவுக்குப் போகணும்னு மாலையோட வந்திருந்தாரு. அவரும் போகல."

"போகணும்" என்று காவலர் கூப்பிட்டபோது, மாமாவின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. விசில் என் பைக்குள் இருந்தது. கொடுப்பதற்காகத்தான் கொண்டுபோயிருந்தேன். கொடுக்க மனம் வராமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இழுப்பறையில் போட்டுவிட்டேன்.