அக்கரையில் வெந்த சோறு

ஆறுச்சாமி நாட்டைப் பிரிக்க ஆரம்பித்தால் பழனாத்தாள் வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிடுவாள். அப்போதுதான் போட்ட வெற்றிலையாக இருந்தாலும் சரிதான். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே எதையும் மெல்ல அவளால் முடியாது. குமட்டிக்கொண்டு வரும்.

ஆறுச்சாமி வேறு யாரும் இல்லை, அவளுடைய புருஷன்தான். மீனாட்சிபுரத்துக்குத் தெற்கே, ஓடையை ஒட்டி அவர்கள் வீடு. காலையில் இரண்டு மாடுகளையும் கறந்து பாலை சொசைட்டியில் ஊற்றிவிட்டால் அவருக்கு அன்றைய வேலை தீர்ந்தது. அப்புறம் பிச்சைமணியின் தையற்கடை பெஞ்சுதான். முந்தாநாள் பேப்பரை எழுத்து விடாமல் படிப்பார். படித்து முடித்ததும் பிச்சைமணியின் துணி வெட்டும் மேஜைமேல், துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து இந்தியாவை வரைவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாகிஸ்தான் இரண்டாகப் பிளந்ததே, அன்று பிடித்த பித்து இது. அது பிளந்தால் இதுவும் பிளக்கும், பெரிசு எதுவும் ஒட்டி நிற்காது என்பது அவர் கட்சி. முதலில் ஆற்றுத் தண்ணீருக்காக அடித்துக்கொள்வார்களாம், பிறகு அரிசிக்காக, கடைசியில் பாஷைக்காக. ஒரு நாள் ஆறு துண்டாக வெட்டுவார், மறுநாள் ஒன்பது. தன்னுடைய ஊர் எந்தத் துண்டில் விழும் என்று மட்டும் அவருக்கு நிலையான முடிவு இல்லை. யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கொடுத்தவர் பக்கமாக விழும்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். அதற்கு இவரைப் பார்த்தால் போதும்.

பழனாத்தாள் பிறந்தது ஓடைக்கு அக்கரையில், பொள்ளாச்சிச் சீமையில். கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அப்பன் கண்ணை மூடும்போது இரண்டு ஏக்கர் வயலையும், அதில் ஓலை வேய்ந்த ஒரு சாளைக் குடிசையையும் அவள் பேரில் எழுதிவைத்தார். பதினாறு வயசில் இக்கரைக்கு வாக்கப்பட்டு வந்தபோது இது கொச்சி ராஜாவின் ஊர். அப்போதும் ஓடைப் பாலத்தில் ஒரு சாவடி இருந்தது. புகையிலை கொண்டுபோனால் தடுப்பார்கள். அரிசியை ஒருவரும் கேட்டதில்லை. ராஜா போனார், பாஷைவாரியாக மாநிலம் பிரிந்தது, அக்கரை தமிழ்நாடு ஆயிற்று, இக்கரை கேரளம் ஆயிற்று. அதற்கும் அவள் கவலைப்படவில்லை. அவளுக்கு ஓடை அதே ஓடைதான், ஒன்றரை மைல் அதே ஒன்றரை மைல்தான்.

பத்து வருஷத்துக்கு முன்புதான் அந்தச் சட்டம் வந்தது. நெல்லோ அரிசியோ அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓடையைத் தாண்டக்கூடாது. அக்கரையில் மலிவு, இக்கரையில் கிராக்கி, கடத்துகிறார்கள் என்றார்கள். கடத்துகிறவன் லாரியில் கடத்தினான், அவனுக்கு வழி தெரியும். பழனாத்தாள் தன் வயலில் தானே நட்டுத் தானே அறுத்த நெல்லைத் தன் வீட்டுக்குக் கொண்டுவர முடியாமல் பாலத்தில் நின்றாள். முதல் அறுப்பில் இரண்டு மூட்டையைப் பறிகொடுத்தாள். அடுத்த அறுப்புக்குள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அரிசிக்குத்தானே தடை, சோற்றுக்கு இல்லையே.

அன்றுமுதல் அவள் அடுப்பு அக்கரைக்குப் போய்விட்டது. விடிந்ததும் சாளைக்குப் போவாள். வயல்வேலை முடித்து, அங்கேயே உலை வைத்து, சோற்றை வடித்துத் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு சாயங்காலம் திரும்புவாள். சாவடிக்காரர்கள் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். சில பேர் விரலை விட்டும் பார்ப்பார்கள், அடியில் அரிசி இருக்கிறதா என்று. பீடி நாற்றம் பிடித்த விரல். வீட்டுக்கு வந்ததும் மேல்சோற்றை ஒரு பிடி எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் புருஷனுக்கு வைப்பாள். பத்து வருஷம் அந்த வீட்டில் உலை கொதிக்கவில்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த கல்யாணத்துக்குக்கூட அக்கரையில் வடித்து அண்டா அண்டாவாகத் தூக்கிவந்தார்கள். சம்பந்தி வீட்டார் ஆறிய சோறு என்று முகத்தைச் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பு அவளுக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் இந்த வருஷம் அவள் ஆளே மாறிப்போனாள். வீட்டுக்குப் பின்னால் அவர்கள் குத்தகைக்கு உழுத முப்பது சென்ட்டுக்குச் சர்க்கார் பட்டயம் கொடுத்துவிட்டது. நிலம் இக்கரை, வீடும் இக்கரை. அதில் விளைகிற நெல்லை எவனும் மறிக்க முடியாது. தன் நெல்லைத் தன் வீட்டில் குத்தி, தன் அடுப்பில் பொங்கலாம். ஆறு மாசமாக அவளுக்கு இதே நினைப்பு. அடுப்பைப் புதுசாகப் பூசிக்கூட வைத்துவிட்டாள்.

விதைதான் இல்லை. சர்க்கார் கிடங்கில் தீர்ந்துபோயிற்று என்று கையை விரித்தார்கள். அவள் அம்மா வீட்டுச் சிவப்பு நெல் ஐந்து வள்ளம், ஒரு கூடை அளவு, சாளைக் குதிரில் இருந்தது. அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க மனு எழுதித் தரச்சொல்லிப் பங்குனியிலிருந்து ஆறுச்சாமியைக் கேட்டாள். உடையப்போகிற சர்க்காருக்கு மனு எதற்கு என்றார். சித்திரையில் கேட்டாள், அப்போது ஏதோ ரயில்காரர்கள் வேலைநிறுத்தம், அவர் பஞ்சாபைத் தனியாகக் கழற்றிக்கொண்டிருந்தார். வைகாசி பிறந்தது. வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுகிற நாளும் குறித்தாயிற்று. இனி இந்த மனுஷனை நம்பிப் புண்ணியமில்லை என்று தானே துணிந்தாள்.

விதைநெல்லை ஊறவைத்து ஈரச்சாக்கில் கட்டி, கதகதப்பாக எருவுக்குள் புதைத்தால் இரண்டே நாளில் முளைகட்டும். அந்த எருவோடு கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தால் எவன் கேட்பான்? எருவுக்கு எந்த நாட்டிலும் தடை இல்லை. வந்த அன்றே விதைத்தும் விடலாம். வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாக நாள் வைத்தாள். சேற்றுழவு ஓட்டி வைக்க வேண்டுமே என்று இதைப் புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

புதன்கிழமை தையற்கடையில் வழக்கமான கூட்டம். பெஞ்சின் மூலையில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு புதுமுகம் உட்கார்ந்திருந்தது. யாரோ லாரிக்காரன் என்று ஆறுச்சாமி நினைத்துக்கொண்டார். நாடு உடைய வேண்டுமானால் பட்டாளம் சண்டை போட வேண்டும் என்று ஒருவர் சொல்லப்போக, இவருக்கு வேகம் வந்துவிட்டது. பட்டாளமும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம், சட்டம் ஒரு பக்கமும் ஜனம் ஒரு பக்கமும் போனால் அன்றைக்கே உடைந்த மாதிரிதான் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் பெரிய மனுஷனாகப் போயிருப்பார்.

"என்ற ஊட்டுக்காரியவே எடுத்துக்கங்க. நாளான்னிக்கு எருக்கூடைக்குள்ள வெதநெல்ல வெச்சு, சாவடிக்காரன் மூக்குக்கு முன்னால கொண்டாரப் போறா. எந்த சர்க்கார் வந்து புடிக்கும்?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். துண்டு கட்டியவனும் சிரித்தான். பிச்சைமணி ஒட்டுப்போட்டு முடித்த காக்கிக் கால்சட்டையை அவனிடம் நீட்டினபோதுதான் ஆறுச்சாமிக்கு ஆள் யார் என்று தெரிந்தது. சாவடிக்குப் புதுசாக மாற்றலாகி வந்த காவலாளி சுவக்கீன், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயால் கெடப்போனது இவர் பெண்டாட்டி. வீட்டுக்கு வந்து அவளிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை. வெட்கமாக இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை காலை பழனாத்தாள் கூடையோடு பாலத்துக்கு வந்தாள். சுவக்கீன் சாக்குக் குத்துகிற கம்பியோடு நின்றான். ஒரு வார்த்தையும் கேட்காமல் கூடையை இறக்கச் சொன்னான், ஒரே குத்தில் சாக்கைக் குத்தினான். கம்பியின் நுனியில் முளைவிட்ட நெல் நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்தது. வெள்ளை வெளேரென்ற முளை, பூனைக்குட்டிப் பல் அளவு.

"இது திங்கற நெல்லு இல்லீங்க, வெத. முளை வந்திருச்சுங்க. இன்னைக்கு வெதைக்கலீன்னா ஒண்ணுத்துக்கும் ஆகாதுங்க" என்றாள் பழனாத்தாள்.

சுவக்கீனுக்கும் அது தெரியாமல் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் என்னம்மா செய்ய? உங்க வீட்டுக்காரவதான் கடையில வச்சுச் சொன்னாவ. பத்துப் பேர் கேட்டாச்சு. இனிமே நான் விட்டா என் வேலை போயிரும்."

உள்ளேயிருந்த அதிகாரி எழுந்து வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, நெல் என்றால் நெல்தான், ஈரமாக இருந்தால் காயப்போட்டு எடுத்து வையுங்கள் என்றார். சாவடி முற்றத்துச் சிமெண்ட் தரையில் கொட்டிப் பரப்பினார்கள். வைகாசி வெயில். பழனாத்தாள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் முளை பழுத்தது, இன்னொரு மணி நேரத்தில் கருகிச் சுருண்டது. தின்னவும் ஆகாமல், விதைக்கவும் ஆகாமல், விற்கவும் ஆகாமல் போன அந்தக் குப்பையைக் கூட்டி அள்ளிப் பறிமுதல் என்று எழுதி வைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. சீ என்று இருந்தது. அந்தத் தரை, அந்தக் கம்பி, அந்த எழுத்து எல்லாமே அழுகலை மிதித்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஆறுச்சாமி வாசலில் நின்றார். விஷயம் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அவளிடம் என்ன சொல்வது என்று தேடி, கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன் புள்ள. ஆனா பாத்தியா, நான் சொன்னது சரியாப்போச்சு. வெதைக்கு மரியாதை இல்லாத தேசம் எத்தனை நாளைக்கு நிக்கும்?"

அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வருத்தம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் வருத்தத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது, ஜோசியம் பலித்தவனுடைய சந்தோஷம். நாளைக்குத் தையற்கடையில் இதைச் சொல்லப்போகிறார், சாக்கட்டியால் கோடு போட்டு. இருபத்தெட்டு வருஷம் இந்த மனுஷனோடு வாழ்ந்து, பத்து வருஷம் சோறு சுமந்தோமே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உங்க தேசத்துக்கு உதாரணம் சொல்ல என்ற கூடைதான் கெடைச்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே போனாள். மாற்றுச்சேலை இரண்டு, கம்பளி, அருவாள். பூசி வைத்த அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்குப்போசியை எடுத்தவள் ஏதோ யோசித்து அதை அவருக்கு முன்னால் வாசல் திண்டின்மேல் வைத்துவிட்டு, வந்த வழியே அக்கரைக்குப் போய்விட்டாள்.

ஆறுச்சாமி இரண்டு நாள் டீயிலும் பன்னிலும் ஓட்டினார். உலை வைக்கத் தெரியாது, வைக்க அரிசியும் கிடையாது. முறைத்தண்ணீர் பாய்ந்து சேறாகிக் கிடந்த முப்பது சென்ட்டும் விதை விழாமல் மறுபடி இறுக ஆரம்பித்தது. தையற்கடையில் பேச ஆரம்பித்தால் இப்போது யாராவது ஒருவர், வீட்டில் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கரை வரப்பின்மேல் தூக்குப்போசியோடு வந்தார். பழனாத்தாள் பார்த்தும் பாராதவள் மாதிரி சோற்றை வடித்தாள். அவர் தட்டு முன்னால் உட்கார்ந்தார். போட்டாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நாடு பற்றி ஒன்றும் பேசவில்லை. கையைக் கழுவிவிட்டு, போசியையும் ஒரு கழுவு கழுவி, அவள் பக்கமாக நீட்டினார்.

பழனாத்தாள் அதை வாங்கவில்லை.

"பசிச்சா வாங்க, வந்து தின்னுட்டுப் போங்க. இங்க வெந்த சோறு இனி ஓடையத் தாண்டாது" என்றாள்.

"இதென்ன புள்ள, சட்டமா?" என்றார்.

அவள் சட்டியை மூடினாள். தாண்டாது, தாண்டக்கூடாது. பத்து வருஷமாக எந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காறித் துப்பினாளோ அதே வார்த்தை தன் வாயிலிருந்தே வந்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

ஆறுச்சாமி காலிப்போசியை ஆட்டிக்கொண்டு வரப்பில் திரும்பிப் போனார். சாளை வாசலிலிருந்து பார்த்தால் பாலம் தெரியும். சுவக்கீன் அவரை நிறுத்தினான். மூடியைத் திறந்து, குனிந்து உள்ளே பார்த்தான். ஒன்றும் இல்லை என்று மூடிக் கொடுத்தான். இப்போது அவளுக்கு அக்கரையாகிவிட்ட கரையில் அவர் இறங்கி மறைகிறவரை பழனாத்தாள் நின்று பார்த்தாள். நாட்டைப் பிரித்துப் பேச அங்கே ஒருவரும் இல்லை. இருந்தாலும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள்.