பெரகல நல்லம்மா பிடித்த ஃபோன் சீட்டு

விஜயலெட்சுமிக்கு நல்லம்மா அறுபதாயிரம் ரூபா கடன்பட்டிருந்தாள். அவளுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. மடுல்சீமையில் சீட்டுக் கட்டிய பதினொரு பெண்களுக்கும் தலைக்கு அறுபதாயிரம். முப்பது வருடத்துக்கு மேல் சீட்டுப் பிடித்தவள். ஒரு நாள் பிந்திக் கொடுத்தாள் என்று எவரும் விரல் நீட்டியதில்லை. அப்படிப்பட்டவளுடைய பெயர் கெடப் பார்த்தது.

நல்லம்மா யார் என்று பெரகல சந்தியில் கேட்டால் பஸ் கண்டக்டர்கூடச் சொல்வான். மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். மடுல்சீமை தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, சந்தியில் சொந்தக் கடை போட்டு, முகப்பில் தன் பெயரையே எழுதி வைத்தவள். புருஷன் பெயரை அல்ல, தன் பெயரை. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாமா என்று பெயின்டர் கேட்டதற்கு, "ஹப்புத்தளையிலருந்து எறங்குறவனுக்குத் தெரியணும்யா" என்றாள்.

அவளுக்குச் சீட்டுப் புத்தி வந்தது தோட்டக் கடையால். அந்த நாளில் அரிசி, மாவு, கருவாடு எல்லாம் அங்கே கடனுக்குக் கிடைக்கும். சம்பளத்தில் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். பல மாதம் மிச்சமே இருக்காது. அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக பஸ் காசு கேட்டாள். "சாமான் வேணும்னா எடுத்துக்க, காசு கெடையாது" என்று விட்டார்கள். தான் உழைத்த காசைத் தான் தொட முடியாமல் நின்ற அந்த எரிச்சலில் பத்துப் பெண்களைச் சேர்த்துச் சீட்டுத் தொடங்கினாள். பெரகலயில் கடை போட்ட பிறகும் சம்பளத்தன்று மடுல்சீமைக்கு வந்துவிடுவாள்.

என்ன அருமையான நாட்கள் அவை! சம்பளத்தன்று சாயங்காலம், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால், தேயிலை வாசத்தோடு எல்லாரும் சுற்றி நிற்பார்கள். நல்லம்மா நோட்டை ஒவ்வொன்றாக வைக்க வைக்க எல்லாரும் சத்தமாக எண்ணுவார்கள். சீட்டு விழுந்தவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு மற்றவர்களுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கித் தரவேண்டும். கேலியும் சிரிப்புமாக இருட்டுகிற வரைக்கும் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

ரூபா சரிந்த வருடத்தில்தான் வினை வந்தது. பன்னிரண்டு மாதம் கட்டிய சீட்டுக்கு, வாங்க நினைத்த சீமெந்தில் பாதிகூட வரவில்லை. பக்கத்து ஃபோன் கடை றுஷ்தி ஒரு வழி சொன்னான்.

"பிட்கொயின்ல போடுங்க அக்கா. அது ஒரு பேங்க்ட கையிலயும் இல்ல. கவர்மெண்டுக்கும் தொட ஏலாது."

யார் கையிலும் இல்லாத காசு! தோட்டக் கடையைக் கண்டவளுக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. அடுத்த வருடச் சீட்டை யாரும் எடுக்காமல் அதில் போட்டு வைப்பது என்று முடிவானது. ஆளுக்கொரு கணக்குத் திறக்கலாம் என்று றுஷ்தி சொல்லத்தான் செய்தான். பெண்கள் கேட்கவில்லை.

"அக்கா பேர்லயே போடுங்க. சீட்டுன்னா தலைச்சீட்டுக்காரிகிட்டதானே இருக்கணும்?"

நல்லம்மாவுக்கும் அது பெருமையாக இருந்தது. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேருடைய காசும் பிட்கொயின் வாங்கி வைக்கிற ஒரு கம்பனியில், அவளுடைய ஒரே கணக்குக்குள் போனது.

வருடம் முடிந்து எடுக்கப் போனால் ஃபோனில் ஒரே வரி: கணக்கு பரிசீலனையில் உள்ளது.

"ஏண்டா தம்பி, யாரு கையிலயும் இல்லன்னியே. இப்ப யாரு கையில மாட்டிருக்கு?"

"கொயின் யார்ட கையிலயும் இல்ல அக்கா. ஆனா நாங்க அத கம்பனிட்ட குடுத்து வச்சீக்கிறோம். கொழும்புக்கு அங்கால எங்கயோ ஒத்தன் பட்டன அமத்திட்டான். ஒங்கட பேர்ல இத்தன பேர்ட சல்லி வந்தது அவனுக்குச் சந்தேகம்."

முகவரிக்கு அத்தாட்சியாகப் பதினொரு பேருக்கும் அவரவர் பெயரில் கரண்ட் பில் அனுப்பச் சொன்னது கம்பனி. லயத்தில் யாருக்கு அவரவர் பெயரில் பில் வருகிறது? நல்லம்மா அடையாள அட்டையைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்து அனுப்பினாள். அதே வரிதான் திரும்பி வந்தது.

"இனி கவர்மெண்டுகளும் ஃபோன்ல சல்லி அடிக்கப் போறாங்களாம் அக்கா. அதுக்கும் ஒரு பட்டன் ஈக்கும்" என்றான் றுஷ்தி.

"அப்ப தோட்டக் கடைய தூக்கி ஃபோனுக்குள்ள வச்சிட்டாங்கன்னு சொல்லு."

விஷயத்தைச் சொல்ல மடுல்சீமைக்குப் போனாள். மற்றவர்கள் "பாத்துக்கலாங்க்கா" என்று மென்று முழுங்கினார்கள். விஜயலெட்சுமி முழுங்கவில்லை. ஏழு பேர்ச் அளவுத் துண்டுக் காணியில் சுவர் எழுப்பி, கூரைத் தகரத்துக்காக அந்தக் காசை நம்பியிருந்தவள் அவள். மழைக்காலம் வந்துகொண்டிருந்தது.

"தோட்டக் கடைக்காரனாச்சும் அரிசி குடுத்தாங்க்கா" என்றாள்.

நல்லம்மாவை அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொல்லால் அறைந்ததில்லை. பெரகலயில் இறங்கியதும் நேரே ஃபோன் கடைக்குப் போனாள்.

"தம்பி, ஒனக்கு எடம் பத்தலன்னியே. என் கடைல பாதிய எடுத்துக்க. ஏழு லட்சம் அட்வான்ஸ்."

றுஷ்தி திகைத்தான். "போர்ட்ல ஒங்கட பேர் பாதி போயிருமே அக்கா!"

"மிச்ச பாதிய வச்சே ஆளுக கண்டுபுடிப்பாங்க."

"சரி, ஃபோன்ல அனுப்பிவிடவா?"

"அடி வாங்கப் போற. கையில குடு."

அடுத்த சம்பளத்தன்று மடுவத்துக்கு முன்னால் பத்துப் பேருக்குக் கொடுத்து முடித்தாள். விஜயலெட்சுமி வரவில்லை. நல்லம்மா மூட்டு வலியோடு மேடேறிப் போனாள். மற்றப் பெண்களும் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தார்கள். கூரையில்லாத வீட்டுக்குள் ஈரச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள் விஜயலெட்சுமி.

"கம்பனி குடுத்துருச்சா?"

"அவன் எங்க குடுத்தான். நான் குடுக்குறேன்."

"அப்ப ஒங்க காசு?"

"வந்தா வாங்கிக்குவேன். வராட்டி, நல்லம்மாவ ஏமாத்துனவன்னு அவனுக்குத்தான் கெட்ட பேரு. கைய நீட்டுடி."

விஜயலெட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். நல்லம்மா ஐயாயிரம் நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தாள். வாசலில் நின்ற பெண்கள் சத்தமாக எண்ணினார்கள். நாலாவது நோட்டிலிருந்து விஜயலெட்சுமியும் சேர்ந்து எண்ணினாள்.