இருபத்திரண்டு சரியாகத்தான் இருந்தது

அந்த விசிலில் கராம்பு வாசம் இருந்தது...

என் பெண்சாதி சாஹிரா எந்த நேரமும் வாயில் ஒரு கராம்பு அடக்கியிருப்பாள். அவள் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, முதன்முதலாக அவளுடைய அந்த விசிலை என் வாயில் வைத்தேன். நாக்கில் மெல்லிசாக ஒரு காரம். அழுகை வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வரவில்லை.

எண்பதுகளின் முதற்பாதி. நான் டெக்னிக்கல் கொலேஜில் படித்துவிட்டு நீர்ப்பம்பி திருத்தும் வேலையில் இருந்தேன். அவள் கல்முனைக்குடியில் டீச்சர். ஏழெட்டு வயதுப் பையன்களின் குருளைச் சாரணர் குழுவையும் அவள்தான் சம்பளமில்லாமல் நடத்தினாள். அதற்கான பயிற்சிக்கு ஐந்து சனிக்கிழமை சம்மாந்துறைக்கு பஸ்ஸில் போய் வந்தாள்.

நான் நக்கலடித்தேன். "புள்ளையளோட விளையாடுறத்துக்கும் கோர்ஸா புள்ள?"

"பம்ப் கழட்ட மூணு வருஷம் படிச்சீங்களே... புள்ளைகள் என்ன, பம்ப விட லேசா?"

அடுத்த வருடம் பிரசவத்தோடு வந்த காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி நான் இருந்தது அவள் வீட்டில்தான். அவள் இல்லாமல் அவள் வீட்டில்... எந்த அறையில் இருப்பது என்று தெரியாமல் முற்றத்திலேயே நிற்பேன்.

அப்போதுதான் அதிபர் வந்தார். "புள்ளையள் ஒரே கேட்டுக்கிட்டு இரிக்கானுகள் தம்பி. ஒரு பயணம் ஒருக்கா கூட்டிப் போங்களன்."

மாமி விசிலையும் சாஹிராவின் பயிற்சிக் கொப்பியையும் கொண்டுவந்து தந்தா. விசிலை எடுத்தேன். கொப்பியைத் திறக்கவில்லை. அவள் கையெழுத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அதோடு, இதில் படிக்க என்ன கிடக்கு என்ற எண்ணமும்தான்.

காரைதீவுக் கடற்கரை. வாடகை பஸ். இருபத்திரண்டு பையன்கள். எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு, களிசானோடு மணலில் உருண்டார்கள். நான் ஒரு தென்னை மரத்தில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேனோ என்னவோ...

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு விசில் ஊதினேன். வரிசையாக வந்தார்கள். தின்ன ஆளுக்கொரு பணிஸ் கொடுத்துக்கொண்டே எண்ணினேன். இருபத்திரண்டு பணிஸ், இருபத்திரண்டு தலை. ஒர்க்ஷொப்பில் நட்டு எண்ணுவது போல. சரி, பஸ்ஸில் ஏறுங்கள் என்றேன்.

பள்ளிக்கூடக் கேற்றில் உம்மாமார் நின்றார்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு ஒரு உம்மா பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தா.

"என்ட ரிஸ்வான் எங்க தம்பி?"

"இருபத்திரண்டும் சரி, நான் எண்ணினன்" என்றேன்.

நஸீர் என்று ஒரு பொடியன் மெதுவாகச் சொன்னான். "அவன் பஸ்ஸுக்கு வரல்ல சேர்."

"ஏன்டா சொல்லல்ல?"

"ஒன்ட கூட்டாளி எங்க எண்டு டீச்சர்தான் கேப்பாங்க. நீங்க கேக்கல்லயே..."

மற்றப் பொடியன்கள் சொல்லித்தான் விளங்கியது. கரைவலை இழுக்கிற இடத்துப் பையன் ஒருவன் பணிஸுக்காக வரிசையில் நுழைந்திருக்கிறான். சட்டை இல்லாத பிள்ளைகளில் எவன் யாருடைய பிள்ளை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒருவனுடைய பெயரும் எனக்குத் தெரியாது.

அதே பஸ்ஸில் திரும்பினோம். வழி முழுக்க அந்த உம்மா என்னை ஏசவில்லை. ஸலவாத்து மட்டும் ஓதிக்கொண்டே வந்தா. ஏசியிருக்கலாம்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் போகிற நேரம். கடல் கறுத்துக் கிடந்தது. கரை நீளத்துக்கு விசில் ஊதிக்கொண்டு ஓடினேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஊதினேன். தண்ணீர்ப் பக்கம் பார்க்கவே பயம்.

கவிழ்த்துப் போட்ட ஒரு தோணிக்குப் பின்னால் இருந்து ரிஸ்வான் எழும்பி நின்றான். நித்திரையாகிப் போய், எழும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லையாம்.

"ரோட்டுக்கு வந்திரிக்கலாமே மகன்?"

"தொலைஞ்சா நிண்ட இடத்த விட்டு நகரப்படா, விசில் வரும் எண்டு டீச்சர் சொன்ன."

பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"டீச்சர் வந்தாங்களா?"

நான் மணலில் குந்திவிட்டேன். மையத்து வீட்டில் வராத அழுகை, அந்த உம்மாவுக்கு முன்னால், பஸ் டிரைவருக்கு முன்னால் வந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் கொப்பியைத் திறந்தேன். "தலையை எண்ணக் கூடாது. இருவர் இருவராகச் சேர்த்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் அவன் கூட்டாளியைக் கேட்க வேண்டும்." கீழே பதினொரு சோடிப் பெயர்கள். ரிஸ்வான் – நஸீர் ஆறாவது.

அடுத்த முறை பயிற்சி வைத்தபோது நானும் ஐந்து சனிக்கிழமை சம்மாந்துறைக்குப் போனேன். அவள் போன அதே பஸ்.

இப்போது பயிற்சி என்றால் ஏசி ஹோல், ஃபைல், சோற்றுப் பார்சல், சேட்டிஃபிகேட். சாப்பாடு முடிந்ததும் பாதிக் கதிரை காலி. "இதெல்லாம் தெரிஞ்சதுதானே காக்கா" என்கிறார்கள் பயிற்சிக்கு வருகிற தம்பிமார். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் கோபம் வருவதில்லை. பயம்தான் வருகிறது.

விசில் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கு. அன்றைக்குக் கரையில் ஊதின ஊதலோடு கராம்பு வாசம் போய்விட்டது. இருந்தாலும் இடைக்கிடை எடுத்து வாயில் வைத்துப் பார்ப்பேன்...

இரும்பு ருசி மட்டும்தான்.