மேட்டுப் பம்பின் கோப்பு

ஜோகூரின் உட்பகுதியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு நகரத்துத் தண்ணீர் அலுவலகத்தில் நான் கொள்முதல் குமாஸ்தா. குழாய் உடைந்தால் ஓடுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு வேண்டிய வால்வையும் பைப்பையும் மோட்டாரையும் விதிப்படி வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை. எந்தச் சாமானும் என் மேசையைத் தாண்டாமல் பழுதுக்குப் போகாது.

அந்த வருடம் பள்ளி நடுவாண்டு விடுமுறை முடிந்த வாரத்தில் எங்கள் டெக்னிசியன் என் மேசைக்கு வந்தார். தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நகரத்துக்கு வெளியே மேட்டில் ஒரு தாமான் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களுக்காகக் கட்டிய மலிவு வீடுகள். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் தானாக ஏறாது. அடிவாரத்தில் ஒரு பம்பு வீடு, அதில் இரண்டு பம்புகள். ஒன்று செத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மற்றது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இது தீபாவளி வரைக்கும் தாங்காதும்மா," என்றார். "புதுசா ஒண்ணு வாங்கிப்புடலாம். பழசத் தூக்கறதுக்கு ஒரு செயின் பிளாக்கும் வேணும். இருக்கறது துரு ஏறி வழுக்குது."

நான் விலையைப் பார்த்தேன். பம்பு, அலுவலகமே நேரடியாக வாங்கக்கூடிய வரம்பைத் தாண்டியது. அப்படியென்றால் செபுட் ஹார்கா, அதாவது பல கம்பெனிகளிடம் மூடிய உறையில் விலை கேட்டு, குழு உட்கார்ந்து, பிரித்துப் பார்த்து முடிவு செய்யவேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "மோட்டார் தனியா, பம்பு தனியா, பேனல் தனியா வாங்கலாமே. மூணும் வரம்புக்குள்ளதான வருது?"

அவர் சொன்னது எனக்குத் தெரியாத வழி அல்ல. ஒருமுறை நானே செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒரு பெரிய வால்வு போய், கோயில் இருந்த பக்கம் முழுவதும் தண்ணீர் இல்லை. நான் ஒரே சாமானை இரண்டு ஆர்டராகப் பிரித்து இரண்டு நாளில் வாங்கினேன். தண்ணீர் வந்தது, எல்லாரும் மகிழ்ந்தார்கள். மறுவருடம் தணிக்கைக்கு வந்தவர் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தட்டி, "இது ஏன் ரெண்டா இருக்கு?" என்று மலாயில் கேட்டார். அவ்வளவுதான். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் ஒரு காசும் எடுக்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கடிதம் என் கோப்பில் இருக்கிறது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் பதவி உயர்ந்து போய்விட்டார்கள்.

"முடியாதுண்ணே," என்றேன். "முறைப்படியே போவோம்."

"சரிம்மா. அந்த செயின் பிளாக்காவது உடனே வாங்கிக் குடு."

அது சின்னச் சாமான். ஒரே நாளில் ஆர்டர் போட்டிருக்கலாம். ஆனால் அதே பம்பு வீட்டுக்கு, அதே வேலைக்கு, தனியாக ஒரு ஆர்டர். நாளைக்கு யாராவது இதையும் பிரித்து வாங்கியது என்று சொன்னால்? நான் அதைப் பம்புப் பட்டியலின் கடைசி வரியில் சேர்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணா வந்துரும்," என்றேன்.

அந்த மேட்டுத் தாமானிலிருந்து ஒரு அக்கா அலுவலகத்துக்கு அடிக்கடி போன் செய்வார். நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்ததிலிருந்து நேராக என்னைத்தான் கேட்பார். எண்ணெய் ஆலைத் தொழிலாளிகளுக்கு மதியச் சாப்பாடு பொட்டலம் கட்டிக் கொடுக்கிற வேலை அவருடையது. கணவர் முதுகு அடிபட்டு வீட்டில் இருந்தார். அந்தப் பொட்டலங்களில்தான் வீடு ஓடியது.

"தங்கச்சி, இன்னைக்கு ஒம்போது மணிக்கே நின்னுருச்சு. அரிசி கழுவக்கூட இல்ல. எப்ப வரும்லா?"

"அழுத்தம் கம்மியா இருக்குக்கா. புது பம்புக்குப் பேப்பர் போட்டிருக்கோம்."

"பேப்பர் போட்டா எத்தன நாள்ல வரும்?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. "சீக்கிரம் வந்துரும்கா," என்பேன்.

முதல் செபுட் ஹார்காவுக்கு மூன்று கம்பெனிகள் விலை அனுப்பின. மிகக் குறைந்த விலை சொன்ன கம்பெனியின் பதிவுச் சான்றிதழ் உறையைத் திறக்கும் நாளுக்கு முந்தின வாரம் காலாவதியாகியிருந்தது. அதை ஒதுக்கவேண்டும். மற்ற இரண்டும் எங்கள் மதிப்பீட்டைத் தாண்டியவை. குழு இரண்டையும் நிராகரித்து, திரும்பவும் விலை கேட்கச் சொன்னது. அந்தத் தீர்மானத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு தவறும் இல்லாத தீர்மானம். யார் வந்து எந்த வரியைத் தட்டிக் கேட்டாலும் என்னால் பதில் சொல்லமுடியும்.

எங்கள் அலுவலகத் தலைவி ஒரு மலாய்க்கார இன்ஜினியர். கெட்டவர் இல்லை. தாமானுக்கு அவரே இரண்டு முறை போய்வந்தார். நான் அவசரக் கொள்முதல் விதியை அச்செடுத்து அவரிடம் கொண்டுபோனேன். உயிருக்கோ சுகாதாரத்துக்கோ உடனடி ஆபத்து என்று தலைவர் எழுதிக் கொடுத்தால் விலை கேட்காமலே வாங்கலாம். அவர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாம தண்ணி லாரி அனுப்பறோமே. லாரி போறப்போ இது அவசரம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

லாரியை நிறுத்தினால் அவசரம் வந்துவிடும் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அதை நான் சொல்லவில்லை. அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும். பிறகு நான் என் இடத்துக்கு வந்து விலை கேட்கும் இரண்டாவது விளம்பரத்தைத் தயார் செய்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பம்பு நின்றது. அண்ணன் செத்துக் கிடந்த பழைய பம்பிலிருந்து பாகங்களைக் கழற்றிப் போட முயன்றார். அதற்கு மோட்டாரைத் தூக்கவேண்டும். கையில் இருந்தது அந்தத் துரு ஏறிய செயின் பிளாக்தான். மோட்டார் அரை அடி உயர்ந்ததும் சங்கிலி வழுக்கியது. அவர் இடது கையைப் போல்ட்டு ஓட்டையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல்களின் நுனி நசுங்கிவிட்டது.

மருத்துவமனையில் அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். அவருக்கு எதுவும் தெரியாது. நான் ஆப்பிள் பையை வைத்துவிட்டு நின்றேன்.

"அண்ணே, அந்த செயின் பிளாக்க நான் அன்னைக்கே..."

"விடும்மா," என்றார். "பம்பு ஓடுதுல்ல? ரெண்டாவது நாளே நம்ம பசங்க ஓட விட்டுட்டாங்க."

அவர் அப்படிச் சொன்னதில் என் மனம் ஆறவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் விபத்து அறிக்கைப் படிவம் என் மேசைக்கு வந்தது. 'சரியான உபகரணம் வழங்கப்பட்டிருந்ததா?' என்று அதில் ஒரு கேள்வி. 'கொள்முதல் நடைமுறையில் உள்ளது' என்று எழுதினேன். பொய் இல்லை. அந்த வரியை எழுதிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். புது செயின் பிளாக்கை அந்த வாரமே தனி ஆர்டரில் வாங்கினேன். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டாவது முறை விலை கேட்டதில் ஒரு கம்பெனி தேர்வானது. ஆனால் பம்பு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வந்து சேர அடுத்த வருடம் ஆகிவிடும் என்றார்கள். இந்த வருட ஒதுக்கீட்டை இந்த வருடத்துக்குள்தான் செலவழிக்கவேண்டும். சாமான் வராமல் பணம் கொடுக்கக் கூடாது, கொடுக்காத பணம் திரும்பிப் போய்விடும். அடுத்த வருடத்துக்கு எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு எழுதினோம். பதில் வருவதற்குள் கணக்கு மூடும் நாள் வந்தது. பம்பு ஆர்டரை ரத்து செய்யும் கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. காஹாங் ஊர்ப் பக்கத்துச் சாலைகளில் தண்ணீர் ஏறியது. அந்த மழையில்தான் ஒட்டுப்போட்ட பம்பு கடைசியாக நின்றது. மேட்டுத் தாமானுக்குப் போகும் சாலை மூழ்கியதால் லாரியும் போகமுடியவில்லை. அக்கா போன் செய்தார். அவர் வீட்டுத் தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் அவர் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை.

"சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி தங்கச்சி! பைப்புலதான் இல்ல. தோம்புல மழத்தண்ணி புடிச்சு வச்சிருக்கேன். அதுல சமைச்சுக் குடுத்து யாருக்காவது வயித்துக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா? ஆலைல வேற ஆள பார்த்துட்டாங்க. காலைலதான் சொன்னாங்க."

"அலமாக்... ஐயோ அக்கா," என்றேன்.

அன்று மதியம் தலைவி அவசரச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். லாரி போகமுடியாததால் இப்போது அது அவசரமாகிவிட்டது. நான் அதை எடுத்துக்கொண்டு நிதிப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள். வருடக் கணக்கு மூடியிருந்தது. ஜனவரிக்குப் பிறகு புது ஒதுக்கீடு வந்ததும் வாருங்கள் என்றாள். சாலையில் தண்ணீர் வடிந்து லாரி போக ஆரம்பித்ததும் அந்தச் சான்றிதழும் செல்லாது என்று ஆகிவிட்டது.

புது ஒதுக்கீடு சீனப் புத்தாண்டு முடிந்துதான் வந்தது. மறுபடி முதலிலிருந்து. விளம்பரம், உறை, குழு, தீர்மானம். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு வழியாகப் பம்பு வந்து இறங்கியது. நீல வண்ணம் பூசிய புத்தம்புது பம்பு. அண்ணன் லேசான வேலைக்குத் திரும்பியிருந்தார். ஸ்டோரில் சாமான் எண்ணித் தருவது. ஆனாலும் அதை ஓட்டிப் பார்க்கிற நாளில் தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தார். நானும் போனேன். இத்தனை வருட வேலையில் நான் வாங்கிய ஒரு சாமான் ஓடுவதை நேரில் பார்த்தது அதுதான் முதல் முறை.

சுவிட்சைப் போட்டதும் சத்தமே இல்லாமல் ஓடியது. அழுத்தக் கருவியின் முள் ஏறியது. மேட்டிலிருந்து யாரோ, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினார்கள். அண்ணன் நல்ல கையால் என் தோளைத் தட்டினார். எனக்குக் கண் கலங்கியது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மேட்டுப் பாதையில் தார் உப்பி வெடித்துத் தண்ணீர் பீறிட்டது. அதை மூடப் போவதற்குள் மேலே இன்னொரு இடம், பிறகு ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால் மூன்றாவது. தாமான் கட்டியபோது புதைத்த பைப்பு அது. பழைய பம்பின் சோர்ந்த அழுத்தத்துக்கே பழகியிருந்தது. புதுப் பம்பின் வேகத்தை அதனால் தாங்க முடியவில்லை. அண்ணன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். நாங்கள் பம்பு வீட்டு வாசலில் நின்று செம்மண் நீர் சாலை ஓரமாக இறங்குவதைப் பார்த்தோம்.

"பைப்ப பத்தி நான் அப்பவே எழுதியிருக்கணும்," என்றார் அவர். எழுதியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

உடைந்த இடங்களை ஒட்டினார்கள். பம்பைப் பாதி வேகத்தில் ஓட்டச் சொல்லி உத்தரவு. மேட்டில் இருக்கிறவர்களுக்கு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. பைப்பை மாற்றக் கேட்டு நான் அனுப்பிய விண்ணப்பம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. அவ்வளவு நீளப் பைப்பை மாற்றுவது பழுது பார்ப்பதில் சேராது, மேம்பாட்டுத் திட்டம், அதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, வரிசையில் காத்திருக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. அனுப்பியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அந்த வாரம் ஒருநாள் கவுண்டரில் ஒரு பெண் என்னைக் கேட்கிறார் என்று கூப்பிட்டார்கள். மெலிந்த உருவம், கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது, மேட்டுத் தாமான் அக்கா. ஒரு வருடமாகப் பேசியும் முகத்தைப் பார்த்ததில்லை. பத்து பாகாட் நகரத்தில் ஒரு தையல் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, கணவரோடு அங்கேயே போகிறார்கள், வீட்டுத் தண்ணீர் இணைப்பை மூடவேண்டும் என்றார்.

"நீங்கதானா தங்கச்சி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவையும் பொறுமையா பதில் சொன்னீங்க. ரொம்ப நன்றி."

அதற்குமேல் என்னால் அவர் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. படிவத்தைக் காட்டி எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று சொன்னேன். 'மூடக் காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். இடம் மாறுவதாக எழுதச் சொன்னேன். எழுதினார். நான் முத்திரை குத்தி, பிரதியைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன்.