பாவ்சூவின் சிவப்பு பீர்

பாவ்சூ பிளாஸ்டிக் பாட்டிலின் வயிற்றைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். ஐஸுக்காகக் கடை வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், நிற்கட்டும். ஒவ்வொரு முறை பீர் அடைக்கும்போதும் கண்ணாடி பாட்டில்களுக்கு நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் நிரப்பி வைப்பது அவள் வழக்கம். உள்ளே காற்று எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணாடி வெளியே சொல்லாது, பிளாஸ்டிக் சொல்லிவிடும். விரலுக்கு அமுங்கினால் இன்னும் பொறுக்கலாம். இறுகிவிட்டால் மொத்தத்தையும் உடனே ஃப்ரிட்ஜுக்குள் தள்ள வேண்டும். "இன்னும் தொளதொளன்னுதான் இருக்கு, நான் விட்டுட்டு வந்த புருஷன் மாதிரி" என்று வாசல்வரை கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் ஐஸ் சுரண்டப் போவாள்.

எங்கள் ஊர் சாவ்ஜோவின் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் அவளுடைய பழ ஐஸ் கடை. எதிரே என் மூக்குக்கண்ணாடிக் கடை. அறுபதை நெருங்குகிறாள். கோடையோ குளிரோ, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்தான். டிராகன் பழக் காலத்தில் அவள் விரல்கள் பத்தும் ஊதாச் சிவப்பாகிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. கைக்கு என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், "ஒருத்தனைக் கொன்னேன், நீ அடுத்தவன்" என்பாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "கண்ணாடிக்காரரே, வந்து இதை நக்கிப் பாரும்." அவ்வளவுதான் அழைப்பு.

ஐஸுக்கு ஆகாத அளவு கனிந்துபோன பழங்களைக் குப்பையில் போட மனமில்லாமல் ஆரம்பித்ததுதான் இந்த பீர். முளைகட்டிய பார்லியையும் ஓட்ஸையும் ஐஸ் கடையின் பின்கட்டில், தாரோ கிழங்கு வேகவைக்கும் அதே அண்டாவில் காய்ச்சுகிறாள். பால் சர்க்கரையைக் கைநிறைய அள்ளிப் போடுவாள். ஈஸ்ட்டுக்கு அதைத் தின்னத் தெரியாது என்பதால் இனிப்பு அப்படியே நிற்கும். அதன்மேல் பழக்கூழ். மாம்பழம் என்றால் மஞ்சள், தாரோ என்றால் மங்கிய ஊதா, டிராகன் பழம் என்றால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. கிளாஸில் ஊற்றினால் மறுபக்கம் தெரியாது. அவள் கடையின் பழ ஐஸ் உருகி, கொஞ்சம் புளித்து, நுரை தள்ளி நிற்பது போலத்தான் இருக்கும்.

பக்கத்துப் பெருநகரமான காவ்ஷியுங்கில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் கூட்டம் ஒன்று மாதாமாதம் கூடும். எல்லாம் கம்பெனி இஞ்சினியர்கள். அவளை ஒருமுறை ரயிலேற்றிக் கூட்டிப் போனேன். கிளாஸைத் தூக்கிப் பார்த்த ஒருவர், "அக்கா, இதுக்கு ஸ்பூன் தருவீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பாவ்சூ அவருடைய பீரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். "பாகற்காய் ஜூஸ் வேணும்னா ராத்திரிச் சந்தையிலயே குடிச்சிருப்பேனே, தம்பி. இதுக்கா ரயிலேறி வந்தேன்?" அன்று முதலில் காலியானது அவளுடைய பாட்டில்தான். ஸ்பூன் கேட்டவர் இரண்டாம் கிளாஸுக்கு வந்தபோது, "ஸ்பூன் தீந்துபோச்சு" என்று அனுப்பிவிட்டாள்.

நாக்கு அப்படி. காரணம் தெரு முழுக்கத் தெரிந்ததுதான். நாற்பது வயதில் புருஷனை விட்டு வந்தவள். சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின இரவுச் சாப்பாடு வீட்டு ஆட்களுக்கு. இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷனோடு பிறந்த வீட்டுக்கு வரும் நாள். விட்டு வந்தவளுக்கு இரண்டுமில்லை. அப்படிப்பட்டவள் முந்தின இரவு வந்து உட்கார்ந்தால் கூடப்பிறந்தவனின் அதிர்ஷ்டத்தைத் தின்றுவிடுவாள் என்பார்கள். அண்ணன் வென்லூங்கின் வீடு கடையிலிருந்து கூப்பிடு தூரம். மற்ற நாளெல்லாம் அங்கே போவாள், வருவாள், அண்ணிக்குப் பழம் நறுக்கித் தருவாள். அந்த ஓர் இரவு மட்டும் கடையில் தனியாக நூடுல்ஸ் தின்பாள். அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "நூடுல்ஸ் நீளமா இருக்கு, ஆயுசு கெட்டி" என்று பேச்சை வெட்டிவிடுவாள். அந்த மேஜையில் ஓர் இடத்துக்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கோடையில் வென்லூங் கடைக்கு வந்தபோது ஒரு கிளாஸ் சிவப்பு பீரை முன்னால் வைத்தாள். ஒரு மடக்கு குடித்தாலே முகம் சிவந்துபோகிற மனிதர். முழுசையும் குடித்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்த கூழை விரலால் வழித்தார். "இந்த வருஷம் முந்தின ராத்திரிக்கு வீட்டுக்கு வா, பாவ்சூ. நான் சொல்லிக்கிறேன். இதையும் கொண்டா" என்றார். அன்று வந்த யாரையும் அவள் திட்டவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

பழத்தை முன்னாலேயே போட்டால் ஈஸ்ட் அதைத் தின்று தீர்த்துவிடும். பீர் சாது, ஆனால் நிறம் மங்கிவிடும். கடைசியில் பாட்டிலில் அடைக்கும்போது போட்டால் நிறம் ஜொலிக்கும். ஆனால் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். குளிரில் தூங்கும், வெளியே வைத்தால் எழுந்து தின்ன ஆரம்பிக்கும், அப்புறம் பாட்டில் தாங்காது. அண்ணனுக்கென்று காய்ச்சியதில் பாவ்சூ கடைசியில்தான் பழத்தைப் போட்டாள். கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டுமாம். பிளாஸ்டிக் பாட்டில் அசிங்கம் என்று அத்தனையும் கண்ணாடியில் அடைத்து, கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, பண்டிகைக்குச் சில நாள் முன்பே கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தாள். "ஃப்ரிட்ஜுல வைங்க அண்ணி, மறந்துடாதீங்க."

புத்தாண்டுக்கு முந்தின நாள் மதியம் மடியில் மீன் பாத்திரத்தோடு அவளை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தாள். உள்ளே நுழைந்ததும் புளித்த வாடை. முன்னோருக்குப் படைக்கும் மேஜை, அதன் பின்சுவர், அவர்கள் பெயர் எழுதிய பலகைகள், தரை எல்லாம் ஒரே சிவப்பு. சற்று முன்புதான் பாட்டில்கள் வெடித்திருந்தன. நல்லவேளை, பக்கத்தில் ஆளில்லை. அண்ணி மாமனாரின் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புத்தாண்டுக்குச் சிவப்பு நல்லதுதானே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"ஃப்ரிட்ஜுல வைக்கச் சொன்னேனே அண்ணி" என்றாள் பாவ்சூ.

"ஃப்ரிட்ஜுல எங்க இடம்? கோழி, மீனு, இறாலுன்னு கதவே மூட மாட்டேங்குது. அதுவுமில்லாம, பெரியவங்க பாக்கறதுக்கு முன்னாடி நாம தொட்டுட முடியுமா? அதான் மேஜையில வெச்சேன்." அண்ணி துணியைப் பிழிந்தாள். "பாத்தீங்கல்ல. பெரியவங்களே வேணாம்னு துப்பிட்டாங்க."

வென்லூங் பிறை வடிவத்தில் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளை எடுத்தார். செத்துப்போன பெரியவர்களிடம் எதைக் கேட்பதானாலும் அதுதான் வழி. ஜோடியில் ஒன்று தட்டைப் பக்கமும் மற்றது வளைந்த முதுகும் காட்டி விழுந்தால் சம்மதம். இரண்டும் முதுகு காட்டினால் மறுப்பு. "அப்பா, பாவ்சூ இன்னைக்கு நம்மகூட உக்காந்து சாப்பிடலாமா?" என்று கேட்டுப் போட்டார். ஒன்று தட்டை, ஒன்று முதுகு. பாவ்சூ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அது செல்லாது" என்றாள் அண்ணி. "தரை பூரா பீரு. கட்டை வழுக்கிடுச்சு. துடைச்சுட்டுப் போடுங்க."

வென்லூங் துடைத்தார். மறுபடி போட்டார். இரண்டும் முதுகைக் காட்டின.

"இன்னொரு தடவை போடுங்களேன்" என்றேன். மூன்றாவது முறை போடாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? வேலைக்காகவும் கல்யாணத்துக்காகவும் சம்மதம் விழும்வரை போட்டுக்கொண்டே இருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், கட்டைகளைத் தட்டில் வைத்தார், திருடி மாட்டிக்கொண்டவர் போலக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பாவ்சூ ஒரு துணியை எடுத்துச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள். சுவர் வெளுக்கும்வரை அவளை யாரும் போகச் சொல்லவில்லை.

பீர் காய்ச்சுவதை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டு மடங்காக்கினாள். நிறம் இன்னும் கூடிவிட்டது, புளிப்பும்தான். அண்ணன் வீட்டுப் பக்கம் போவதில்லை, யாராவது கேட்டால் "அங்க தரை வழுக்கும்" என்கிறாள்.

இந்த வருடம் புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுக்குக் கொஞ்சம் ஆரஞ்சுப் பழம் கொடுக்கப் போயிருந்தேன். கடை பாதி மூடியிருந்தது. வென்லூங் குனிந்து உள்ளே வந்தார், கையில் அடுக்குப் பாத்திரம். "சாப்பாடு. எல்லாரும் உக்கார்றதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன். சூடா இருக்கு."

பாவ்சூ அடுக்கைப் பிரித்தாள். கோழி, மீன், கடுகுக்கீரை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டாள்.

அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "அந்தச் சிவப்பு இருக்கா? நானும் உங்கூட ஒரு வாய்..." என்றபடி மேஜைக்கு எதிர்ப்புறம் இருந்த இன்னொரு ஸ்டூலைப் பிடித்து இழுத்தார்.

பாவ்சூ வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். எழுந்தாள். சுவரோரம் இருந்த டிராகன் பழக் கூடையை இரண்டு கையாலும் தூக்கி அந்த ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்து மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினாள்.