யூனிஃபார்ம் போட்ட கொய்யா மரம்

ரோட்டோரத்துக் கரண்டுக் கம்பம் ஒருநாள் பஸ் டிரைவரின் கண்ணுக்கு நெளிந்து தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அடுத்த கம்பமும் நெளிந்தது. எதிரே வந்த லாரியின் நம்பர் பலகையில் நடு எழுத்துகளைக் காணோம். அன்று முழுக்க ஆமை வேகத்தில் ஓட்டி, பயணிகளின் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, டிப்போவுக்கு வந்ததும் மேனேஜரிடம் சாவியைக் கொடுத்தார். இனி நான் ஓட்டக் கூடாது என்று அவரே சொன்னார். யார் மேலும் ஒரு கீறல் விழாமல் வண்டி வந்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கை தானாகக் கும்பிடப் போகும்.

கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். போனது திரும்பாது, ஓரப் பார்வை மட்டும் தங்கும். அதற்கப்புறம் டிரைவர் பின்கட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார். முன்னறையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் மனைவியிடம் காபி ஆறிவிட்டது, மெஷின் சத்தம் காதைக் குடைகிறது என்று எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக்கொண்டே இருந்தாள்.

அவரோடு அதே தடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்த கண்டக்டர், லீவு நாளில் பார்க்க வந்தார். இருந்த இருப்பைப் பார்த்ததும் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மகள் வீட்டுக்குச் செடி வாங்கப் போகிறேன், துணைக்கு வாங்கண்ணே என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

நாற்றுப் பண்ணையில் டிரைவருக்கு எல்லாம் ஒரே பச்சைக் கலங்கலாகத்தான் இருந்தது. தலையை லேசாகத் திருப்பியபோது கண்ணின் ஓரத்தில் ஏதோ பற்றி எரிவதுபோல் தெரிந்தது.

"அங்க என்ன, அவ்வளவு சிவப்பா?"

"காகிதப்பூ, அண்ணே."

"எனக்குத் தெரியுதுடா தம்பி," என்றார் டிரைவர்.

அன்று ஆசை கரை மீறிவிட்டது. காகிதப்பூ, செம்பருத்தி, ரோஜா, இன்னும் பேர் தெரியாத நாலைந்து என்று ஆட்டோ நிறையச் செடி வந்து இறங்கியது. காலையும் மாலையும் டிரைவர் குடம் குடமாக ஊற்றினார். மண் ஈரமா காய்ந்ததா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. காய்ந்திருக்கும் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். இலைகள் பழுத்தன. வேர் அழுகி ரோஜா முதலில் போனது. மனைவி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் மனுஷன் எழுந்து நடமாடுகிறார், அதைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். செம்பருத்தியும் தலை சாய்ந்த அன்று அவளால் முடியவில்லை. குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"செடிக்குத் தாகம் இல்லீங்க. உங்களுக்குத்தான் பொழுது போகல."

சுருக்கென்று தைத்தது. குடத்தை அவளிடமே விட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். சாயங்காலம் அவளே வந்து அவர் விரலைப் பிடித்து மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை அழுத்தினாள். மேலே காய்ந்த மண், உள்ளே சில்லென்ற ஈரம். "உள்ள காஞ்சா மட்டும் ஊத்துங்க," என்றாள். பிழைத்தது காகிதப்பூ ஒன்றுதான். அது வறட்சி தாங்கும் ஜாதி. குடத்துக்கும் எப்படியோ தாக்குப் பிடித்துவிட்டது.

இரண்டாம் முறை கண்டக்டரோடு பண்ணைக்கு அவளும் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பினாள். போவதற்கு முன்னால் இருவரும் ஒரு முழுநாள் பின்கட்டில் உட்கார்ந்து வெயில் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று கவனித்தார்கள். விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் வந்தவருக்குத் தன் வீட்டு வெயில் எந்தச் சுவரில் விழும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பூவோ பழமோ, மூக்குக்கோ விரலுக்கோ ஓரக்கண்ணுக்கோ அடையாளம் காட்டாத செடி வேண்டாம் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அதன்படி வாசல் பக்கம் மல்லிகை, கிணற்றடி நிழலில் தொட்டாலே மணக்கும் கற்பூரவல்லி, வெயில் அடிக்கும் இடத்தில் ஒட்டுக் கொய்யா, பழுத்தால் கையோடு வந்துவிடும் என்பதற்காக மல்பெரி. காகிதப்பூவின் சிவப்பு எடுப்பாகத் தெரிய வேண்டுமே என்று பின்சுவருக்கு அவளே சுண்ணாம்பு அடித்தாள்.

எலுமிச்சையில்தான் தகராறு. முள் கண்ணில் குத்தினால் இருப்பதும் போய்விடும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இலையைக் கசக்கி மோந்த வாசனையை விட அவருக்கு மனமில்லை. பண்ணைக்காரர் முன்னாலேயே வாக்குவாதம் முற்றியது.

"பஸ்ஸுக்குள்ள சண்டை போட்டா நான் இறக்கி விட்டுடுவேன்," என்றார் கண்டக்டர். இருவரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில், அவர் கால் படாத துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் எலுமிச்சைக்கு இடம் ஒதுக்கினாள். காயைப் பறிப்பது அவள் பொறுப்பு.

மல்பெரி முந்திக்கொண்டது. கொய்யா பூத்துக் காய்க்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருந்தது. காய்த்த பிறகோ அணில்கள் அவரை முந்தின. இன்று பறிக்கலாம் என்று மூக்கு சொல்லும் காலையில் கைக்குக் கிடைப்பது பாதிக் கொய்யாதான். அவர் புலம்பித் தீர்த்தார். மனைவி மிச்சத் துணிகளை எடுத்து உட்கார்ந்தாள். நீலம், காக்கி, கட்டம் போட்ட சட்டைத் துணி என்று சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, ஒவ்வொரு காய்க்கும் மாட்டிச் சுருக்குக் கயிறு இழுத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "உங்க மரம் எந்த ஸ்கூல்ல படிக்குது?"

"எல்லா ஸ்கூல்லயும்," என்றார் டிரைவர். "எதுலயும் பாஸாகல. இப்பதான் பழுக்குது."

பைக்கு மேலேயே கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். கொஞ்சம் இளகி, துணியைத் தாண்டி மணமும் வந்தால் அவிழ்ப்பார். இப்படி அணில் பல் படாமல் முழுசாக வந்த முதல் பழத்தை அவர் வெட்டவில்லை. அப்படியே முன்னறைக்குக் கொண்டுபோய் மெஷின் மேல் வைத்தார்.

"எனக்கா?" என்றாள்.

"அன்னிக்கு நீ குடத்தைப் பிடிக்கலைன்னா நான் இன்னமும் ஊத்திக்கிட்டேதான் இருந்திருப்பேன்." மெஷின் ஓரத்தை விரலால் தடவினார். "உனக்கு நான் எரிச்சலத் தவிர ஒண்ணும் கொடுக்கல அப்ப."

அவள் ஊசியிலிருந்து நூலை எடுத்துவிட்டுப் பழத்தைக் கடித்தாள். விதை கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் நல்ல இனிப்பு என்றாள். மறுபாதியை அவர் கையில் வைத்தாள்.

கண் அதற்கப்புறம் தேறவில்லை, மோசமாகவும் போகவில்லை. போன மழைக்கு முன்னால் கண்டக்டருக்கு ஒரு கன்று உண்டாக்கக் கொய்யாக் கிளை ஒன்றில் பட்டையை உரித்து, வேர் விட ஈரப் பாசி வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிப் பதியன் கட்டினார். மனைவி கிளையைப் பிடிக்க, கட்டியது முழுக்க அவர் விரல்கள்தான். தினமும் அந்தப் பதியனைத் தடவித் தடவிப் பார்த்தவருக்கு ஒரு காலையில் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் நூல் நூலாக வேர் நெருடியது. அங்கேயே நின்றபடி மனைவியைக் கூப்பிட்டார். அவள் நீலத் துணியும் கத்தரிக்கோலுமாக ஓடி வந்து, அவர் விரல் பக்கத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.